நீலக் கோடும் சிவப்புக் கோடும்

மெழுகு தண்ணீரில் கரையாது. இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாமல் ஒரு மனிதர் பல வருடம் ஒரு மெழுகுத் தொழிற்சாலைக்கு மனேஜராக இருந்தார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னித்தால் மனம் இலேசாகும் என்று அறிவுரை சொல்ல வருகிறவர்கள் இதை முழுவதும் வாசித்துவிட்டு வரட்டும்.

தொழிற்சாலை என்பது கொஞ்சம் பெரிய சொல். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், முள்ளுக்கம்பி வேலி ஒன்றின் ஓரமாக, தகரம் போட்ட நீளமான கொட்டில் அது. முதலாளி கொழும்பில் இருந்தார். கொட்டிலில் மனேஜர், பரிசோதனை செய்கிற நான், கலக்குகிற ராத்தா, பீப்பாய் உருட்டுகிற இரண்டு பேர். முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள்; கொட்டிலில் என்னைத் தவிர இருந்த ஒரே பெண் அவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தினமும் கிண்ணியாவிலிருந்து மிதவைப் பாதையில் ஆற்றைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருவார். நான் அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் போவேன். உயர்தரத்தில் இரசாயனம் நன்றாகச் செய்திருந்தும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணவில்லை, குறைந்துபோனது. அந்தக் காய்ச்சல் தீர முதலே இந்த வேலை கிடைத்தது.

நாங்கள் செய்தது நிலத்துக்குப் பூசும் பொலிஷ். அரசாங்கக் கந்தோர்கள், வைத்தியசாலை விறாந்தைகள், கப்பல்காரர்களின் சாப்பாட்டு மண்டபங்கள் எல்லாவற்றுக்கும் கொடுத்தோம். அதற்கான மூலப்பொருள் கொழும்பிலிருந்து பெரிய பீப்பாய்களில் வரும். பொலித்தீன் பை செய்கிறார்களே, அதே பொலிஎதிலீன்தான். சங்கிலி குறுகினால் அது மெழுகாகிவிடும். சூடான காற்றைச் செலுத்தி அதைக் கொஞ்சம் ஒட்சியேற்றி, சவர்க்காரம் மாதிரியான ஒன்றைச் சேர்த்து, அமுக்கத்தில் கொதிக்கும் தண்ணீரோடு அடித்தால் பால் மாதிரி ஒன்று வரும். நாங்கள் அதை மெழுகுப்பால் என்றோம். சோதனைச் சாவடியில் லொறியை மறித்த ஆமிக்காரன் ஒருவன் தடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, ‘கிரி?’ என்று கேட்டானாம். பால் என்று நினைத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் மனேஜர் இல்லை.

மெழுகு அந்தத் தண்ணீரில் கரைந்திருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத மணிமணியாக மிதந்துகொண்டிருக்கிறது. மணி எவ்வளவு சின்னதோ, பால் அவ்வளவு நல்லது. நல்ல பாலைக் கண்ணாடிப் போத்தலில் விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓரத்தில் மெல்லிய நீலம் தெரியும். கூடாத பால் தேங்காயின் முதற்பால் மாதிரி மொத்த வெள்ளையாக நிற்கும். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டுக் காயவைப்பேன். நல்லதென்றால் தகட்டில் மினுக்கம் மட்டும்தான் இருக்கும், கூடாததென்றால் சுண்ணாம்புத் தடம் விழும். பிறகு நகத்தால் சுரண்டுவேன். அடர்த்தி கூடிய பொலிஎதிலீன் நகத்துக்கு மசியாது. அடர்த்தி குறைந்தது கொஞ்சம் மசியும். இன்றைக்கும் எங்காவது நிலம் மினுங்கக் கண்டால் என் விரல் தன்பாட்டில் குனிந்துவிடுகிறது.

எங்களிடம் மூன்று வகைப் பால் இருந்தது. மூன்றும் வெள்ளை. பீப்பாயில் ஒட்டியிருக்கும் கடதாசி துறைமுகக் காற்றில் ஒரு வாரத்தில் உரிந்துவிடும் என்பதால், பெயின்ற் வாங்கி நானே கோடு போட்டேன். நீலக் கோடு அன்னயன் வகை. அதிலுள்ள மெழுகு மணிகள் மறை மின்னேற்றம் உள்ளவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் அவை கட்டிபடாமல் மிதக்கின்றன. நில பொலிஷ் இதில்தான் செய்வது. சிவப்புக் கோடு கற்றயன் வகை, நேர் மின்னேற்றம். துணியில் நன்றாகப் பற்றும், சாரம் நெய்கிறவர்கள் நூலை மென்மையாக்க வாங்குவார்கள். பச்சைக் கோட்டில் ஏற்றமே இல்லை. உவர்த் தண்ணீரையும் தாங்கும், புளியையும் தாங்கும், எவரோடும் சேரும். எனக்குப் பச்சையில்தான் விருப்பம். ஆனால் நான் அந்தச் சாதி இல்லை.

நீலமும் சிவப்பும் ஒன்றுசேரக் கூடாது. சேர்ந்த நொடியே எதிரெதிர் ஏற்றங்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளும். மெழுகெல்லாம் திரைந்து கட்டியாகும், தண்ணீர் தனியே நிற்கும். அதைத் திரும்பப் பாலாக்க எவராலும் ஏலாது.

ராத்தா வேலைக்கு வந்த புதிதில் சிவப்பு அள்ளிய வாளியைக் கழுவாமல் நீலத்துக்குள் விட்டுவிட்டார். வாளி முழுக்கக் கட்டி. அழுகிற நிலையில் நின்றார். நான் ஏசவில்லை. இரண்டு சின்னப் போத்தல்களில் ஒவ்வொன்றும் எடுத்து, அவர் முகத்துக்கு நேரே ஒன்றை மற்றதில் ஊற்றிக் காட்டினேன்.

“பாலுக்குள்ள புளி விட்ட மாதிரி,” என்றார்.

“ஓம். ஆனா புளியும் பால் மாதிரி வெள்ளையா இருக்கு. அதுதான் பயம்.”

அன்று மாலைக்குள் எல்லா வாளிகளிலும் ராத்தாவே கோடு போட்டு முடித்திருந்தார். அந்த இரண்டு போத்தலையும் தன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டபோது, புதிதாக நிரப்பிக் கொடுத்தேன்.

மனேஜருக்கு வருவோம். அவர் கெட்டிக்காரர் என்று தன்னை நினைத்திருந்தார். நீலக்கோட்டுப் பாலை வெளியில் யாருக்கோ கொடுத்துவிட்டு, குறைந்த இடத்துக்கு மெழுகுதிரி செய்கிற பரபின் மெழுகைச் சவர்க்காரத்தோடு காய்ச்சி ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில், நாங்கள் இல்லாத நேரத்தில் நடந்த வேலை அது. பரபினும் மினுங்கும். ஆனால் அது மெது, கால் வழுக்கும். நல்ல பொலிஎதிலீன் மினுங்கவும் செய்யும், காலைப் பிடிக்கவும் செய்யும். நான் தகட்டைச் சுரண்டியபோது நகத்துக்குள் மெழுகு சுருண்டு வந்தது. தகட்டோடு அவர் மேசைக்குப் போனேன்.

“பிள்ளை, நீர் படிச்ச படிப்பை வீட்டில வையும்,” என்றார். “வெள்ளையா இருக்கு, மினுங்குது. வேறென்ன வேணும்? காணும்.”

அந்தப் பொலிஷ் துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றுக்குப் போனது. பூசிய மறுநாள் ஒரு பெரிய அதிகாரி விறாந்தையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னொருவர் அதே இடத்தில் விழுந்தார். சண்டை இல்லாத ஊரென்றால் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் வந்திருக்கும். எங்கள் ஊரில் அந்த வருடங்களில் கடிதம் வரவில்லை, வாகனம் வந்தது. விசாரணைக்காரர் கொட்டிலுக்குள் வந்து கேட்டது ஒரே கேள்வி: யார் கலந்தது?

மனேஜர் விரலை நீட்டினார். என் பேரைச் சொல்லும் மரியாதைகூட இல்லை.

“இந்தப் பிள்ளைதான் எல்லாம் பார்க்கிறது. எனக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரியாது.”

இரண்டாவது வசனம் உண்மை.

பதினொரு நாள் என்னை வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். யார் சொல்லி இதைச் செய்தாய் என்று தினமும் கேட்டார்கள். நான் தினமும் பரபினையும் பொலிஎதிலீனையும் பற்றிச் சொன்னேன். மொழிபெயர்க்க வைத்திருந்த மனிதருக்கு நான் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை அவர் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னார். மிச்சம் பொய் மாதிரி இருந்தது. வெளியிலிருந்து ஒருவர், இந்த வேலை தெரிந்த ஒரே ஒருவர், வந்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வரவில்லை. கேற்றுக்கு எதிரே இருந்த மரத்தின் கீழ் அம்மா மட்டும் பதினொரு நாளும் இருந்தா. கொட்டிலிலிருந்து வேறு எவரும் எட்டிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அந்தக் காலத்தில் பயம் எல்லோருக்கும் சொந்தம். இருந்த கோபம் முழுவதையும் ஒருவருக்கென்றே சேர்த்து வைத்தேன்.

பிறகு ஒருநாள் கேற்றைத் திறந்து, போ என்றார்கள். ஏன் என்று அதற்கும் காரணம் இல்லை. வீட்டுக்கு வந்தால், தம்பலகாமத்திலிருந்து பேசி வந்த சம்பந்தம் ஓசைப்படாமல் நின்றுபோயிருந்தது. பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நான் சைக்கிளைத் துடைத்தேன்.

“எங்க வெளிக்கிடுறாய்?” அம்மா கேட்டா.

“வேலைக்கு.”

“உனக்கென்ன விசரா?”

“ஓம்,” என்றேன்.

என்னைக் கண்டதும் மனேஜர் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பினார். நான் சிரித்தேன். நடந்தது நடந்துவிட்டது சேர் என்றேன். அவருக்கு நிம்மதி. பரிசோதனை செய்ய வேறு ஆளும் கிடைத்திருக்கவில்லை. ஒரேயொரு நிபந்தனை வைத்தேன்: இனிமேல் பீப்பாயில் கை வைக்கிறவர் யாரோ, அவரே அதில் தொங்குகிற அட்டையில் கையெழுத்து வைக்க வேண்டும், அது இல்லாத பீப்பாய் வெளியே போகக் கூடாது. வாங்குகிறவர்களுக்கும் அது பிடிக்கும் என்று சொன்னேன். அவர் அதைத் தன் யோசனை என்று கொழும்புக்கு எழுதினார்.

நான் காத்திருந்தேன். மாதக்கணக்கில் அந்த மனிதரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு கண்ணாடித் தகடு கழுவினேன். அமோனியாப் போத்தலை அவர் கதிரைக்குக் கீழே திறந்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அது பிள்ளை விளையாட்டு. எனக்கு வேண்டியது அளவானது. அந்த இடத்தில், அந்தக் கேள்வியோடு, அவர் பதினொரு நாள் இருக்க வேண்டும். பத்தும் வேண்டாம், பன்னிரண்டும் வேண்டாம்.

கடைசியில் வேலையை அவரே செய்து தந்தார். வருகிற செவ்வாய்க்கிழமை ஆறு பீப்பாய் நீலம் ஏற்ற ஆட்கள் வருவார்கள், கூடவே ஒரு அதிகாரி திறந்து பார்ப்பார் என்று செய்தி வந்தது. அவர் பழையபடி வெளியில் கொடுத்ததில் அந்த ஆறும் பாதிக்குப் பாதி காலி என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பரபின் ஊற்ற இந்தமுறை அவருக்குத் துணிவு வரவில்லை. திங்கள் மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றார்.

“பிள்ளை, இந்த நீலக் கோடும் சிவப்புக் கோடும் ஒரே சாமான்தானே?”

“ரெண்டும் பொலிஎதிலீன் மெழுகுதான், சேர்.”

“பிறகு என்னத்துக்கு ரெண்டு கோடு?”

“ஒண்டு நிலத்துக்கு, மற்றது துணிக்கு.”

சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவர் தலையாட்டிக்கொண்டு போனார். இரண்டு மணிக்கெல்லாம் எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வாசலில் ராத்தா என் சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்தார். நாங்கள் கதைத்தது அவருக்குக் கேட்டிருக்கிறது.

“அவருக்கு நீ சொல்லல்லையா புள்ள?”

“கேட்டதுக்குச் சொன்னனான்.”

“கேக்காதத?”

நான் சைக்கிளை மிதித்தேன். பீப்பாயின் வாய் சின்னது, ஒரு பம்பின் குழாய் போகுமளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது. வழி முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்தவன் என்னை இரண்டு தரம் பார்த்தான்.

செவ்வாய் காலை அதிகாரி முன்னால் முதல் பீப்பாயைச் சரித்தார்கள். மெல்லிய கலங்கல் தண்ணீர் கொஞ்சம் வந்தது. பிறகு வாய் அடைத்துக்கொண்டது. ஒருவன் கம்பியால் குத்தினான், வெள்ளைக் கட்டி ஒன்று கம்பியில் ஏறி வந்தது. இரண்டாவது பீப்பாயும் அப்படியே. ஆறும் அப்படியே. அதிகாரி எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். முன்பு இடுப்பு முறிந்தது இந்தக் கொட்டிலின் பொலிஷால் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

யார் கலந்தது என்று கேட்டார்.

மனேஜரின் விரல் பழக்க தோஷத்தில் என் பக்கம் எழும்பியது. நான் குனிந்து பீப்பாயின் அட்டையை அதிகாரிக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்தேன். ஆறிலும் அவருடைய அழகான கையெழுத்து.

“எனக்குத் தெரியாது. வெள்ளையாத்தான் இருந்தது,” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதே மாதிரி வாகனம் ஒன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. அன்று மத்தியானம் நான் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

அடுத்த நாள் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கொட்டில் பூட்டியிருந்ததால் நான் வீட்டில்தான் இருந்தேன். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“தங்கச்சி, நீங்கள் ஒருக்கா வந்து சொன்னால் காணும். தெரியாமல் செய்த பிழை எண்டு நீங்கள் சொன்னால்தான் நம்புவினம். உங்களுக்குத்தான் அது தெரியும்.”

“யோசிச்சுச் சொல்லுறன், அக்கா,” என்றேன்.

அவர் போனதும் அம்மா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தா. “போய்ச் சொல்லு பிள்ளை.”

“பதினொரு நாள் போகட்டும்.”

“நான் அந்த மரத்துக்குக் கீழ இருந்தனான். இன்னொருத்தியை அங்க இருத்தாதை.”

“அவ உங்களை வந்து பார்த்தவவோ?”

அம்மா கோப்பையோடு உள்ளே போனா. நான் கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டத் தொடங்கினேன். என் திட்டம் இதுதான்: பன்னிரண்டாம் நாள் இரண்டு போத்தலோடு நானே போவேன், ஊற்றிக் காட்டுவேன், அவரை விடுவிப்பேன். அவர் வெளியே வந்து என்னைப் பார்த்துக் கையெடுக்க வேண்டும். அவரைக் கெடுத்ததும் நான், காப்பாற்றியதும் நான் என்று மிச்சக் காலம் முழுக்க அந்த மனிதர் சுமந்து திரிய வேண்டும். இவ்வளவையும் நான் வெட்கப்படாமல் யோசித்தேன். கொட்டில் பூட்டியே கிடந்தது, சேதி சொல்ல எங்கள் வீட்டுக்கு எவரும் வருவதில்லை; மனேஜரின் மனைவியும் மறுபடி வரவில்லை. ரோசம் என்று நினைத்தேன், அதுவும் எனக்கு இனித்தது.

பன்னிரண்டாம் நாள் காலை நல்ல சேலை உடுத்தேன். முன்பே வீட்டில் எடுத்து வைத்திருந்த நீலத்தில் ஒரு போத்தல், சிவப்பில் ஒரு போத்தல், இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். மரத்தின் கீழ் எவரும் இல்லை. கேற்றடியில் அந்த மொழிபெயர்ப்புக்காரர் நின்றார். என்னை அடையாளம் கண்டு முகத்தைக் கொஞ்சம் திருப்பினார். மனேஜரைப் பற்றிச் சொல்ல வந்தேன் என்றேன்.

“அவர் மூண்டாம் நாளே போயிட்டார்,” என்றார். “ஒரு முஸ்லிம் பொம்பிளை ரெண்டு போத்தில் கொண்டுவந்து, பெரியவருக்கு முன்னால ஊத்திக் காட்டினவ. பெரியவரே சிரிச்சிட்டார்.” என் பக்கம் திரும்பி, “நீங்கள் அப்ப சொன்னது எனக்கு இப்பத்தான் விளங்குது, தங்கச்சி,” என்றார்.

ஒன்பது நாளாக, வீட்டில் இருந்து தன் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதருக்காக நான் கலண்டர் வெட்டியிருக்கிறேன். என் வாழ்க்கையில் அந்த அளவுக்கு நான் எதிலும் ஏமாந்ததில்லை.

அங்கிருந்து நேரே கிண்ணியாவுக்குப் போனேன். ராத்தா வீட்டுப் பின்பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே கேட்டேன்.

“ஆரைக் கேட்டு அங்க போனீங்கள்?”

“ஆரையும் கேக்கல்ல.”

“அந்த மனிசனுக்காகவோ?”

ராத்தா கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். “அவருக்கு இல்ல புள்ள. நீ உள்ளுக்கு இருந்த நேரம், வேல முடிய ஒவ்வொரு நாளும் அந்தக் கேற்று ரோட்டு மூல வரைக்கும் வருவன். நீ தந்த ரெண்டு போத்திலும் என்ட பையில இருக்கும். உன்ட அம்மா மரத்துக்குக் கீழ இருக்கிறதக் காணுவன். கால் அதுக்கு அங்கால போகாது. திரும்பிப் போயிருவன். இந்தத் தரமும் போத்திலோட வந்து பாத்தா, அந்த மரத்துக்குக் கீழ அவர்ட பொஞ்சாதி. இன்னொருதரம் திரும்பிப் போக எனக்கு ஏலாமப் போச்சு.”

பதினொரு நாளும் அந்த இரண்டு போத்தல்கள் நான் இருந்த சுவருக்கு நூறு அடி தூரத்துக்கு வந்து போயிருக்கின்றன. நான் உள்ளே இருந்து, இந்த வேலை தெரிந்த ஒருவர் வரமாட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மூலையில் நின்றிருக்கிறார். அந்த நிமிடத்தில் மனேஜர் எனக்கு மிகச் சின்னவராகப் போய்விட்டார். ராத்தாவைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது.

“என்னோட கோவமா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“சரி. இரு, சோறு திண்டுட்டுப் போ.”

இருந்தேன். மீன் ஆணத்தில் உறைப்பு அதிகம், கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்கு உறைப்பையே காரணமாக வைத்துக்கொண்டேன். என் மடியில் இருந்த போத்தல்களைப் பற்றி ராத்தா ஒன்றும் கேட்கவில்லை. எந்த நாள் அவற்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும், பதினொன்று வரை எண்ணத் தெரிந்தவர்தானே.

மனேஜர் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவரை நான் மன்னிக்கவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ராத்தாவையும் மன்னிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். அவரும், மனேஜரின் மனைவி என்னிடம் வந்த அந்த இரண்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை நான் எங்கே இருந்தேன் என்று இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை.